மருதாசலத்தின் வேகம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அவள் வீடியோவை அழித்தாள்.

போனில் முதலாளி சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"அழிச்சிட்டயா அம்மிணி? ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு கண்ணுல பட்டா நம்ம கதை முடிஞ்சுது."

"அழிச்சிட்டனுங்க சார்."

கம்பெனியின் லிங்க்ட்இன் பக்கத்தில் அது இருந்த சுவடே இல்லை.

உள்ளே, பட்டறையில் மிஷின் ஓட்டுகிற மருதாசலத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது கையில் இனி கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான்.

பட்டறையின் ஆபீஸ் வேலை பார்க்கும் அவள், அந்தப் பக்கத்தைத் தொடங்கலாம் என்று சொன்னபோது சென்னியப்பன் சிரித்தார். வேலைவெட்டி இல்லாதவர்கள் விளையாடுகிற இடத்துக்குப் பம்ப் கம்பெனிக்காரன் எதற்கு வரப்போகிறான் என்றார். அவள் விடவில்லை. மோட்டாருக்குத் தகடு வெட்டித் தருகிற பட்டறை கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, நம்மை யாருக்குத் தெரியும் என்று மல்லுக்கட்டினாள்.

பிரஸ் மிஷினில் மருதாசலம் தகடு வைத்து எடுப்பதைப் படம் பிடித்தாள். முகம் வேண்டாம், கை மட்டும். மிஷினுக்கு முன்னால், விரலைக் காக்கிற கம்பிவலை இருந்தால் கை தெரியாது. வலையைக் கழற்றித்தான் எடுத்தது.

எடுத்து முடித்ததும் மாட்டியிருக்க வேண்டும்.

ஆனால் வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. பார்த்தவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கேட்டது: இதே வேகத்தில் வருஷம் முழுக்கத் தர முடியுமா?

சென்னியப்பன் அன்று எல்லோருக்கும் ஜிலேபி வாங்கினார். அவளை உட்காரவைத்து ஆரத்தி எடுக்காத குறைதான்.

வலையோடு அந்த வேகம் வராது.

வலை பட்டறை மூலையிலேயே கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் ஆபீஸ் அறைக்குள் போனாள். பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் கொண்டுவந்த ஆர்டர் அல்லவா, பெருமை கண்ணை மறைத்தது.

இன்று அந்த மிஷினில் மருதாசலத்தின் மூன்று விரல்கள் போயின.

மருதாசலத்தின் மனைவி துளசிமணி பெஞ்சை விட்டு எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

"கண்ணு, அந்த வீடியோ இருந்தா எம்பட போனுக்கு அனுப்பு. அவரு வேலை செய்யறத நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. இனி எங்க பாக்கறது?"

அழித்தாயிற்று என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை.

ஆனால் அவள் போனில் வெட்டாத வீடியோ இருந்தது. பாட்டுச் சேர்க்காதது. எடுத்தது எடுத்தபடி, சத்தத்தோடு.

அதை அனுப்பினால் வேலை போகும். போகட்டும். துளசிமணியின் முகத்தில் இனி விழிக்க முடியாது. அதற்குத்தான் பயந்தாள்.

அனுப்பினாள்.

துளசிமணி போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள். கை தெரியும் முன்பே ஒரு பெண் குரல் கேட்டது. பின்னால் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"அண்ணா, அந்த வலையக் கழட்டிருங்க. அஞ்சே நிமிசம். கை நல்லாத் தெரியட்டும்."

"வேண்டாம் அம்மிணி" என்று மருதாசலம் இழுத்தார்.

குரல் மறுபடி கெஞ்சியது. ஸ்பேனர் விழுந்த சத்தம். பிறகு கைகள்.

அந்தக் கைகளைப் பார்த்துத் துளசிமணி சிரித்துவிட்டாள். எவ்வளவு வேகம். கடைசி வரை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"யாரு கண்ணு அது, கழட்டச் சொல்றது?"

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். துளசிமணியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.