எழுந்து நின்ற கைதட்டல்

வீல் என்று ஓர் அலறல்.

ஒப்பனை அறையே திரும்பிப் பார்த்தது. யாருக்கோ கண் போய்விட்டது என்று நினைத்துத்தான் நானும் ஓடினேன்.

போனது கண் இல்லை. இமை. அதுவும் கடையில் வாங்கிய ஒட்டு இமைமுடி.

அலறியது குழந்தையும் இல்லை. என் அண்ணி.

"குத்துக்கல்லு மாதிரி நிக்காத. பசையை எடு!"

எடுத்துக் கொடுத்தேன். கூட வந்த பாவத்துக்கு அத்தைக்காரி துணிப்பையைத் தூக்க வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அண்ணியின் மகள், எட்டு வயதுப் பாப்பா, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ரத்தச் சிவப்பு. கன்னத்தில் ஜிகினா. கொண்டைக்குள் ஒரு தையல் கடையே நடத்தும் அளவுக்கு ஊசி. முடியில் அடித்த ஸ்பிரே காய்ந்துபோய், தொட்டால் டொக்கென்று சத்தம் வந்தது.

அறை முழுக்க இப்படித்தான். ஆடப்போகிற பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடாத தாய்மார்களுக்கு மூச்சு வாங்கியது.

வட்டார நடனப் போட்டி. எப்படி ஆடினாலும் தங்கம் உண்டு. ஆமாம், இங்கே கடைசிப் பரிசுக்குப் பெயர்தான் தங்கம். அதற்கு மேலே பிளாட்டினம், அதற்கும் மேலே வைரம். வெள்ளி என்று ஒன்றை வைத்தால் அடுத்த வருடம் ஒரு தாயும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

ஆனால் தனி நடனத்தில் முதலிடம் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கும் பிள்ளையின் படம் எங்கள் நடனப் பள்ளி வாசலில், ஆளுயர போர்டில், ஒரு வருடம் சிரித்துக்கொண்டிருக்கும்.

அண்ணிக்கு வேண்டியது அந்த போர்டு.

இப்போது அதில் சிரித்துக்கொண்டிருப்பது வேறொரு பெண். போன வருடம் அவள் ஆடும்போது பாதியில் பாட்டு நின்றுபோனது. அவள் நிற்கவில்லை. பாட்டே இல்லாமல் கடைசி வரை ஆடினாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவர்களில் ஒருவர் அழுதேவிட்டார்.

"பாட்டு ஒழுங்கா ஓடியிருந்தா அதுக்கெல்லாம் வெறும் தங்கந்தான்" என்றாள் அண்ணி அன்றைக்கே. அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் அண்ணன் தட்டில் சாப்பாடு வைக்கும்போதுகூட.

பாப்பாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

பக்கத் திரைக்குப் பின்னால் நானும் அண்ணியும் நின்றோம். எதிர்ப்பக்கத்தில் நடன டீச்சர். பாட்டு ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது, பாப்பா நன்றாகவே ஆடினாள். சுழன்றாள். எம்பிக் குதித்தாள். பலகையில் சத்தமே வராமல் இறங்கினாள். நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

பாதிப் பாட்டு முடிந்திருக்கும்.

பாப்பா திடுக்கிட்டு நின்றாள்.

தலையை உயர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம், வந்த அழுகையை விழுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு புன்னகை.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் காதருகே ஒரு குரல் வெடித்தது.

"விடாத கண்ணு! தைரியமா ஆடு!"

அண்ணி மேடை விளிம்புக்கே போய்விட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். தட்டிய பிறகுதான் பாட்டு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கை அந்தரத்திலேயே நின்றது.

பாப்பா மறுபடி ஆட ஆரம்பித்தாள், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. பாட்டு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. பாட்டைப் பிடிக்கப் போனால் எண்ணிக்கை தப்பியது. எண்ணிக்கைக்குத் திரும்பினால் பாட்டு ஓடிப்போயிருந்தது. ஒரு சுற்றில் நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழித்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு முன்வரிசையிலும்.

கடைசித் தாளம் விழுந்தபோது அவள் மேடை நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

தங்கம். யாரும் அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டீச்சர் மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "என்னாச்சுன்னே தெரியலையேக்கா! நீங்க குடுத்த பென் டிரைவ்ல பாட்டு பாதியோட கட்டாயிருந்துச்சு. நல்லவேளை, காலைலயே போட்டுப் பார்த்தேன். என் போன்ல இருந்த முழுப் பாட்டைக் குடுத்துட்டேன்."

செய்த உதவிக்கு நன்றியை எதிர்பார்த்து நின்றார், பாவம். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும்.

போன வருடம் ஜெயித்த பெண்ணின் அம்மா ஆறுதல் சொல்ல ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து சேர்ந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து தாய்மார்கள். துக்கம் விசாரிப்பதில் இந்தக் கூட்டத்துக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது.

திரையை விலக்கிக்கொண்டு பாப்பா உள்ளே வந்தாள். முகமெல்லாம் மை வழிந்திருந்தது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நீ சொன்ன எடத்துல பாட்டு நிக்கவே இல்லையேம்மா!"