டில்லிபாபுவின் காலைச் செய்திகள்

"குண்டு போடுறவன் எங்கியோ கீறான். டீசல் வெல மட்டும் காசிமேட்டுல ஏறுது. இது இன்னா நாயம், நைனா?"

அஜின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. நியாயம் கேட்கிறவரின் குரலாக அது இல்லை. ரேஷன் கடையில் பேர் வாசிப்பதைப் போல ஏற்ற இறக்கமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ராயபுரத்தில் படகுகளுக்கான ஒயர்லெஸ் செட் விற்று, பழுதும் பார்க்கும் கடையில் அஜினுக்கு வேலை. முந்தின நாள் படகுச் சங்கத்திலிருந்து போன் வந்திருந்தது. திருவொற்றியூர் குப்பத்தில் டில்லிபாபு என்பவர் பத்துப் பதினைந்து நாளாகக் காலையில் ஒரு மணி நேரம் சேனலைப் பிடித்துக்கொண்டு நாட்டு நடப்பு பேசுகிறார், மற்றப் படகுகள் கரையோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை, சங்கம் கொடுத்த செட்டைக் கழற்றி வந்துவிடு என்றார்கள்.

அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் சங்கத்துக்காரர்கள் தாங்களே போய்ச் சொல்லாமல் கடைக்கு ஏன் போன் செய்தார்கள் என்று அஜின் யோசிக்கவில்லை. இந்த வேலையில் யோசிப்பதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். தவணை பாக்கிக்காகச் செட்டைக் கழற்றும்போது அழுகிறவர்களும் உண்டு, ஏசுகிறவர்களும் உண்டு. இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை.

டில்லிபாபு முக்காலியில் உட்கார்ந்து மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். வலது கட்டைவிரல் மைக்கின் பட்டனை அழுத்தியிருந்தது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்துப் போயிருந்தது. செட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நிலவா, போன்ல ஒரு பொம்பள பேசுது பாரு. நம்ம பேச்சுல எதுனா கேட்டா, மன்னிக்கவும், புரியவில்லைன்னுது. அது பேசுறது நமக்குப் புரியுதுல்ல? அதுக்கு இன்னா கேடு? சினிமாக்காரன் மட்டும் யோக்கியமா? அடியாளு வேசம்னா நம்ம பாசைய குடுப்பான். கலெக்டர் வேசத்துக்கு என்னிக்காவது குடுத்துக்கீறானா?"

"யார்கிட்டம்மா பேசுறாரு?" என்று அஜின் கேட்டான்.

சுவரோரமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிரவில்லை. "எங்க புள்ள நிலவன்கிட்ட."

"கடலுக்குப் போயிருக்கானா?"

"ஆமா தம்பி. கடல்லதான் கீறான்."

பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. டில்லிபாபு அதைத் தொடவில்லை.

"மணலி பக்கம் காத்து கலீஜா கீதுன்னு போன்ல மெசேஜு வருது. அத சொல்ல போனு எதுக்கு? மூஞ்சில மூக்கு எதுக்கு வெச்சிகினு கீறோம்? புயல் மெசேஜும் அப்டித்தான். மஞ்சள்ன்றான், செவப்புன்றான், ஒரு எலகூட ஆடல. அன்னிக்கி அந்தக் காத்து அடிச்சிச்சே, அன்னிக்கி ஒரு மெசேஜு வந்துச்சா?"

அந்த இடத்தில் குரல் ஒரு கணம் நின்றது. விரல் மட்டும் எழவில்லை. பிறகு பேங்கில் புதிதாக வந்திருக்கும் இந்திக்காரப் பையனைப் பற்றிப் பேச்சு தொடர்ந்தது.

நாகர்கோவிலிலிருந்து அஜினின் அப்பாவும் தினமும் போனில் இப்படித்தான் பேசுவார். உலகத்தில் அவருக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. அஜின் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். அது இப்போது ஞாபகத்துக்கு வந்து அவனைச் சங்கடப்படுத்தியது.

அவன் செட்டுக்குப் பக்கத்தில் குந்தினான். "பட்டன் சிக்கிக்கிச்சாண்ணே?"

"இல்லியே. நல்லாத்தான் கீது."

"அப்போ ஏண்ணே விடாம அழுத்துறீங்க? அழுத்தினா நீங்க பேசுறது போகும். விட்டாத்தானே அந்தப் பக்கம் பேசுறது கேக்கும்?"

"இருவத்தாறு வருசமா ஒயர்லெஸ்ல பேசிகினு கீறேன் தம்பி. எனுக்குத் தெரியாதா?"

சங்கம் சொன்னதை அஜின் சொன்னான். செட்டை எடுத்துப் போக வந்திருப்பதாகவும் சொன்னான். டில்லிபாபு அழவில்லை, ஏசவுமில்லை. ஆனால் இன்னொரு கையால் செட்டை அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அஜினுக்கு மனசு கேட்கவில்லை.

"சரிண்ணே, நான் எடுக்கல. ஒரே ஒரு நிமிஷம் பட்டனை விடுங்க. உங்க மகன் ஒரு வார்த்தை பேசட்டும். இனிமே விட்டு விட்டுப் பேசுவார்னு நானே சங்கத்துல சொல்லிடுறேன். செட்டு உங்ககிட்டயே இருக்கும்."

பூண்டு உரித்த கை நின்றது.

டில்லிபாபு அஜினைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். இடது கையை நீட்டி, பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. அதற்கப்புறம்தான் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். மரத்துப்போன விரல் வளைந்தபடியே நின்றது.

"எடுத்துனு போ தம்பி."

அஜினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏண்ணே? அவன் ஒரு வார்த்தை பேசினா போதும்னுதானே சொன்னேன்?"

"அந்தக் காத்துல அவன் போன படகு பத்தொம்போது நாளா கரைக்கு வர்ல தம்பி," என்றாள் கன்னியம்மா, தரையைப் பார்த்தபடி.

டில்லிபாபு கட்டைவிரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"வெரல எடுத்தா, அவன் பேசலன்னு தெரிஞ்சிடுமே."