நீலம் தெரியாத குப்பி

"மணலைக் காட்டி யாரை ஏமாத்தப் பாக்குறே?" என்றார் டானிக் கம்பெனி முதலாளி சேதுபதி. காஜா பெராங் ஊரில் அவரிடம் எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள், மருந்து கலக்கும் மரகதவல்லிதான்.

"மணல் இல்லைங்க, சிலிக்கா. மலேரியா மருந்து கொய்னாவோட சேர்த்து உறைய வெச்சு, கொய்னாவை மட்டும் கழுவி எடுத்துட்டேன். அது இருந்த இடம் அச்சு மாதிரி காலியா நிக்குது. எந்தப் பட்டைச் சாறை ஊத்தினாலும் கொய்னாவைத்தான் பிடிக்கும். அப்புறம் திராவகம் விட்டா பிடிச்ச கொய்னா இறங்கி, வெயில்ல நீலமா மின்னும்."

"வெள்ளைக்காரன் வேலை உனக்கெதுக்கு?"

"அடுத்த வாரம் மெர்டேக்கா, நாட்டுக்கே சுதந்திரம். இனிமே நாமதாங்க செய்யணும்."

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு லாரியில் டானிக் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த அங்கத்து மருத்துவ உதவியாளர், டிரெசர் யூசுப் எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றே முதலாளி தன் காய்ச்சல் டானிக் ஒன்றைத் திறந்து சிலிக்காவில் ஊற்றினார்.

"அத்தனையும் கொய்னா! பிடிக்கட்டும்!"

மரகதவல்லி திராவகம் விட்டு, இறங்கியதைக் குப்பியில் பிடித்து வெயிலில் காட்டினாள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"வரலைங்க. டிரெசர் ஐயா, உங்க பையில கவர்மெண்ட் கொய்னா மாத்திரை இருக்கா?"

அவர் கொடுத்த மாத்திரையைக் கரைத்து அதே சிலிக்காவில் ஊற்றி, மறுபடி திராவகம் விட்டு வெயிலில் காட்டினாள். இந்தமுறை குப்பி நீலமாய் ஜொலித்தது.

"சிலிக்கா சரியாத்தான் இருக்கு முதலாளி. உங்க டானிக்லதான் வேப்பம்பட்டைக் கசப்பைத் தவிர ஒண்ணுமில்லே. அது தெரிஞ்சுதானே அதையே ஊத்தினீங்க?"

யூசுப் லாரியில் ஏறி, ஏற்றிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.