புள்ளி விழுந்த கதிர்

கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெயில், மேசைமேல் உரித்து வைத்த இரண்டு மக்காச்சோளக் கதிர்கள்மீது விழுகிறது. ஒன்றில் மணிகள் முழுக்கக் கருஞ்சிவப்பு. மற்றதில் மை தெளித்த மாதிரி வெறும் புள்ளிகள். "வேற மகரந்தம் கலந்துடுச்சும்மா, குப்பையில போடு" என்கிறார் தலைமை விஞ்ஞானி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. உதவியாளர் அசையவில்லை. அவள் விரல்களில் சோளநார் ஒட்டியிருக்கிறது. "கலக்கல சார். ரெண்டுக்கும் அதே சிவப்புச் செடி, அதே வெள்ளைச் செடிதான். எது அம்மா, எது மகரந்தம் தர்ற அப்பாங்கறதைத்தான் மாத்தினேன். நிறம் அம்மா வழியா வந்தா முழுசாப் பிடிக்குது, அப்பா வழியா வந்தா புள்ளியாத்தான் விழுது. யார்கிட்டேருந்து வந்தோம்னு ஜீனுக்கு ஞாபகம் இருக்கு." அவர் சிரிக்கிறார். "ஜீனுக்கு ஞாபகமா? யார் காதுல பூ சுத்தற?" அவள் குனிந்து, காகித உறை பிரிக்காத மூன்றாவது கதிரை எடுத்து அவர் முன்னால் டொக்கென்று வைக்கிறாள். "இதுக்கும் வெள்ளை அம்மா, சிவப்பு அப்பா. மகரந்தம் தூவி உறை கட்டினது நீங்க. மேல உங்க கையெழுத்து. நீங்களே பிரிங்க." காகிதம் கிழிகிறது. தோல் ஒவ்வொன்றாக உரிகிறது. அடியிலிருந்து நுனிவரை புள்ளி, மணிக்கு மணி புள்ளி. அவர் விரல் அதன்மேலேயே நிற்கிறது. அவள் குப்பைக்கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளுகிறாள். "போடுங்க சார்."