திருப்பி அனுப்பிய தட்டு

"இதை மனுஷன் சாப்பிடுவானா? எடுத்துட்டுப் போப்பா" என்று மாணிக்கவேல் தட்டைத் தள்ளிவிட்டார். சாம்பார் தளும்பி, பரிமாறுகிற சவுரிமுத்துவின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரேணுகாம்பாளுக்குக் காது மடல் வரை சூடேறியது. மெட்ராஸிலிருந்து அந்தமான் போகும் கப்பலில் ஏறி இன்றோடு மூன்று நாள். நாளைக் காலையில் போர்ட்பிளேர். இதுவரை ஒரு வேளைகூட இவர் தட்டு திரும்பிப் போகாமல் இருந்ததில்லை.

முதல் நாள் ரசத்தில் புளி அதிகம் என்றார். மறுநாள் இட்லி கல் என்றார், மீனில் கவிச்சி என்றார். ஒவ்வொரு தடவையும் கத்தித் தீர்த்துவிட்டு, மாற்றிக் கொண்டுவந்து வைத்ததைச் சத்தமில்லாமல் வழித்துத் தின்றார். மாற்றி வந்ததும் அதே பாத்திரத்திலிருந்து வந்ததுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரருக்கு அல்சர் எதாவது இருக்கா?" என்று பக்கத்து மேஜைப் பெண்மணி காலையில் கை கழுவும் இடத்தில் கேட்டாள். ரேணுகாம்பாள் குழாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டாள்.

இந்தப் பயணமே அவர் பிடித்த பிடிவாதம். பக்கத்திலிருக்கும் பொத்தேரிக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டுகிற மனுஷர், ஆபீஸ் நண்பர் தோத்தாத்ரி அந்தமான் போய்வந்து கப்பல் சமையலறை வரை கதை சொன்ன அன்றே, ஆபீஸ் பயணச் சலுகையான எல்.டி.சி.க்கு எழுதிப் போட்டுவிட்டார். இரும்புலியூர் வீட்டில் முந்தின நாள் குழம்பை ஊற்றினாலும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறவருக்கு, நடுக்கடலில் ருசி முளைத்திருக்கிறது.

"மத்தவங்கல்லாம் நல்லா கீதுன்னுதானே சாப்ட்டுகினு கீறாங்க. உனுக்கு மட்டும் இன்னா சார் பேஜாரு?" என்றான் சவுரிமுத்து. மூன்று நாளாக அவன் காட்டிய பொறுமை அந்த 'உனுக்கு'வில் தீர்ந்துபோயிருந்தது.

"சமைச்ச ஆளை வரச் சொல்லு. அவன்கிட்டயே சொல்றேன்."

"குக்கெல்லாம் வெளிய வரமாட்டாங்க சார். நீ மொத நாளே கிச்சனாண்ட வந்து நின்னே. பாசஞ்சர் உள்ள வரக்கூடாதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

"அப்படின்னா கேப்டனுக்கு எழுதிக் கொடுக்கிறேன். பேப்பர் கொண்டா."

சவுரிமுத்து முகம் கறுத்து உள்ளே போனான். சாப்பாட்டுக் கூடம் முழுக்க இவர்களையே பார்த்தது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" ரேணுகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அடுப்புல வேகுற ஆளோட வேலைக்கு உலை வெச்சுட்டுத்தான் இறங்குவீங்களா?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, ரேணுகா."

"ஆறு வருஷமா பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பெத்த புள்ளைய, படிப்பு வரலைங்கிற ஒரே காரணத்துக்கு, தண்டச்சோறுன்னு சொன்னீங்க. சாப்பிடுறப்ப சொன்னீங்க. கோபு பாதிச் சோத்துல எழுந்து போனவன்தான், இன்னும் வீடு திரும்பல. அது பத்தலையா? இன்னும் யார் வயித்துல அடிக்கணும்?"

மாணிக்கவேல் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர், சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கதவு திறந்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "நான்தான் ஐசக். முப்பது வருஷமா கப்பல்ல சமைக்கிறேன். இதுவரிக்கும் ஒருத்தரும் என்னை வெளிய கூப்ட்டதில்ல. சொல்லு சார், இன்னா கொறை?"

மாணிக்கவேல் தட்டைப் பார்க்கவில்லை. ஐசக்கின் முகத்தைத்தான் பார்த்தார். "நீங்க இல்ல. உங்ககூட வேற யார் சமைக்கிறாங்க?"

"சாம்பார் நம்ம அசிஸ்டெண்ட் வெச்சது."

"அவரை வரச் சொல்லுங்க."

"ஒரு தட்டு சோத்துக்கு எத்தினி பேரைத்தான் நிக்க வைப்ப?" ஐசக் வெறுப்போடு திரும்பிப் போய்க் கதவைத் தள்ளி, உள்ளே யாரையோ கை காட்டி அழைத்தார்.

ரேணுகாம்பாள் குனிந்தவள் நிமிரவில்லை. இனிமேல் இந்த மனுஷரோடு ஒரே மேஜையில் உட்காருவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் குன்றத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தை அந்த நிமிஷத்தில் அவள் மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் மேஜையருகே வந்து நின்றது. எதிரே நாற்காலி கிறீச்சிட்டு நகர்ந்தது. மாணிக்கவேல் எழுந்து நின்றுவிட்டார்.

கை நீட்டிவிடுவாரோ என்று பயந்து, அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். அவரோ அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

வந்து நிற்பவனின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சிந்திக் கிடந்த சாம்பாரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தம்பி, சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. இவர் நாக்குதான் சரியில்ல. நீ மனசுல வெச்சுக்காதப்பா."

"அப்பா நாக்கு எனக்குத் தெரியாதாம்மா?"