அடுத்தவர்

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒலிபெருக்கி மறுபடியும் தையல்காரரையே அழைக்கிறது. டாக்டரைப் பார்த்து முடித்தவர், மருந்துச் சீட்டால் விசிறிக்கொண்டு வாசலுக்கும் உள்ளறைக்கும் நடையாய் நடக்கிறார். "என்னை விட்டா வேற ஆளே இல்லையா?" சன்னல் வெயில் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டது, வரிசை நகரவில்லை. பெயர்களை அழைக்கும் கணினி நிரலை எழுதியவள் மடிக்கணினியின் சூடு முழங்காலில் ஏற, தலையைக் கவிழ்த்துப் பிழையைத் தேடுகிறாள். ஒவ்வொரு பெயரும் தனக்கு அடுத்த பெயரை மட்டுமே கைகாட்டும் சங்கிலி அது; திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்குள் இருந்த ‘அடுத்ததற்கு நகர்’ என்ற வரியைக் காலையில் திருத்தும்போது அவளே அழித்திருக்கிறாள். "இத எழுதினவன் மட்டும் கையில கெடச்சான்னா..." பக்கத்தில் இருமலுக்கிடையே அம்மா கறுவுகிறாள். "சும்மா இரும்மா." வரியைத் திரும்பச் சேர்க்கிறாள். ஒலிபெருக்கி அம்மாவை அழைக்கிறது. அம்மா எழுவதற்குள், பழக்கதோஷத்தில் தையல்காரர் உள்ளே போய்விடுகிறார்.