எதிரில் நின்றவன்

அட்டைப்பெட்டிக்குள் ஒரு கௌபாய் ஊரைக் கட்டுவதற்காகப் பென்சில் முதலில் காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தது. சாராயக்கடை வாசலில் நெட்டையும் குட்டையுமாக இரண்டு கௌபாய்கள், துப்பாக்கியை நீட்டியபடி எதிரெதிரே நின்றார்கள்.

"இடம் பத்தலையே! குதிரையை எங்க நிறுத்துறது?" என்று பென்சில் முனகியதும் ரப்பர் உருண்டு வந்தது.

யாரையாவது அழிக்கத்தான் வருகிறது என்று இருவருக்கும் புரிந்தது. நெட்டையன் முந்திக்கொண்டான். "அண்ணே, அவன் தொப்பியே கோணலா இருக்கு. அவனை எடுத்துடுங்கண்ணே."

ரப்பர் குட்டையனைத் தேய்த்து அழித்தது. அந்த இடத்தில் குதிரை வந்து நின்றது. நெட்டையனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பென்சில் தள்ளி நின்று பார்த்தது.

"ஏன்டா ரப்பரு, இவன் எதுக்குக் குதிரையைச் சுடப் போறான்?"

நெட்டையன் துப்பாக்கியை இறக்கப் பார்த்தான். வரைந்த கை அசையவில்லை.

ரப்பர் மறுபடியும் உருண்டு வந்தது.